இறைச்சி வார்ப்பும் பாயச வார்ப்பும்

எங்கள் கடைக்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு. திறக்கிற நேரமும் அடைக்கிற நேரமும் மட்டும் கிடையாது. பந்தல் தகரம், மடக்கு நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம் என்று கல்யாணச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கிற கடை அது. குன்னத்துகாலிலிருந்து பாறசாலைக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டு முற்றத்தை ஒட்டியே இருந்தது. முற்றத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் என் கணவர் வந்துவிடுவார் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். குளித்துக்கொண்டிருந்தால் ஈரத்தலையோடு வருவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை உதறிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே முன்வரிசைக்காரர் திரும்பி, "அண்ணே, அடுத்த வியாழன் எங்க வீட்டில நிச்சயம் உண்டு, கொஞ்சம் நாற்காலி வேணும்" என்று கிசுகிசுப்பார். இவர் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் எங்கள் கடையின் பதிவு.

எந்தப் பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது, எது எப்போது திரும்பும், யாருக்கு எந்தத் தேதியில் வாக்குக் கொடுத்திருக்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் யாராவது வந்து கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. "அவங்க வரட்டு" என்பேன். ஒரு நாளில் எத்தனை தடவை அதைச் சொன்னேனோ, எனக்கே என் குரல் சலித்துப்போனது.

எழுதி வைக்கலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்னால் அவர் முகம் மாறிவிடும். அதற்குக் காரணம் இருந்தது.

என் மாமனார் ஒரு பெரிய வீட்டு நிலத்தில் குடிசை போட்டு, அந்த வீட்டு வயலிலும் தென்னை விளையிலும் வேலை செய்து வாழ்ந்தவர். நிலச் சட்டம் வந்தபோது, குடியிருந்த இடத்தில் பத்து சென்ட் அவருக்கே சொந்தம் என்றாயிற்று. எங்கள் வீடும் கடையும் நின்றது அந்தப் பத்து சென்டில்தான். சட்டம் வருவதற்கு முன்னால், என் நாத்தனாரின் கல்யாணத்துக்குப் பெரிய வீட்டிலிருந்து பாத்திரம் இரவல் வாங்கியிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்த வீட்டுக் காரியஸ்தன் மாமனாரை வெயிலில் நிற்கவைத்து, ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிப் பார்த்து, அகப்பை வரைக்கும் எண்ணி வாங்கினானாம். என் கணவர் அப்போது அப்பாவின் பக்கத்தில் தலையில் அண்டாவைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார்.

பிற்பாடு அவர் கல்ஃபுக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனி முகாமில், சமையல் சாமான் வைக்கிற ஸ்டோரில் வேலை. ஒரு கரண்டி எடுத்தாலும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்து வெளியே வரும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். திரும்பி வந்து இந்தக் கடையைத் தொடங்கின அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "எனக்க கடையில ஒருத்தரையும் நிக்க வச்சி எண்ண மாட்டேன். கொண்டு போறவன் கொண்டு வருவான். நம்ம ஆளுவளாக்கும்."

அந்தச் சொல்லில் எனக்கும் பெருமை இருந்தது. கடை சிறியதாக இருந்தவரை அது நடக்கவும் செய்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் கல்ஃபில் என்றான காலம் அது. லீவுக்கு வந்த மாப்பிள்ளை திரும்பிப் போவதற்குள் கல்யாணம் முடிய வேண்டும். அதனால் எல்லாக் கல்யாணமும் ஒரே மாதத்தில் வந்து மோதின. முன்பு ஒரு பந்தலில் சாம்பாரும் பப்படமும் போட்டுக் கல்யாணத்தை முடித்தவர்கள் இப்போது ஊரையே கூப்பிட்டார்கள். இவர் இன்னும் நாற்காலி வாங்கினார், இன்னும் பாத்திரம் வாங்கினார். தலை மட்டும் பழைய தலைதான்.

அவர் மெலிந்துகொண்டே வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, விரல்களை மடக்கி எதையோ யோசிப்பார். நான் கேட்டது காதில் விழாது. பந்தி நடக்கிற ஒரு வீட்டில் எங்களைச் சாப்பிட உட்காரவைத்தார்கள். அவர் இலையைப் பார்க்காமல் நாற்காலிகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுடையதா வேறு கடையுடையதா என்று. அவரைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் கடையும் கூடவே வந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

மறுநாளைக்கு மறுநாள், திங்கட்கிழமை, இரண்டு கல்யாணங்கள். ஒன்று எங்கள் சபையைச் சேர்ந்த வீட்டில். பெண்ணின் அப்பா நெடுநாள் கல்ஃபில் கிடந்து, மகள் கல்யாணத்துக்கென்றே வந்திருந்தார். இன்னொன்று பெருங்கடவிளையில் ஓர் இந்துக் குடும்பத்தில். இரண்டு வீட்டுக்கும் பெரிய வார்ப்பு இரண்டிரண்டு வேண்டும். வார்ப்பு என்றால் வாய் அகன்ற வெண்கலப் பாத்திரம். ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரியது. எங்களிடம் நான்கு இருந்தன. அதில் சில இறைச்சி வைக்கிறவை, சில பாயசம் மட்டும் வைக்கிறவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்று அவருக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு இறைச்சி வார்ப்பு ஒருநாளும் போனதில்லை. அதில் அவர் அத்தனை கவனமாக இருந்தார்.

அந்த நான்கில் இரண்டு, வெள்ளறடைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தன. அங்கே விசேஷம் தள்ளிப்போனதால் திங்கள் கழிந்துதான் வரும். மற்ற இரண்டும் பூவாரில் ஒரு மீன்பிடிக்கிற வீட்டில் இருக்கின்றன என்றார். ஞானஸ்நான விருந்துக்கு எடுத்துப் போனவர்கள் இன்னும் அனுப்பவில்லையாம். சனிக்கிழமை காலையில் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு பூவாருக்குக் கிளம்பினார்.

"உச்சைக்கு முன்ன வந்திருவேன். ஆராவது வந்தா இருக்கச் சொல்லு."

"சாவிய வச்சிட்டுப் போங்களேன்."

"உனக்கு உள்ள ஒண்ணும் தெரியாது. நான் வாறேன்" என்று சொல்லி ஏறினார்.

அவர் சொன்னது உண்மைதான். எனக்கு ஒன்றும் தெரியாது.

நண்பகல் ஆகியும் அவர் வரவில்லை. சபை வீட்டுக் கல்யாணப் பெண்ணின் அப்பாதான் வந்தார். கூடவே சமையல்காரர், தோளில் துண்டோடு ஒரு தடித்த மனிதர். ஊர்ப் பெரியவர்களுக்கு அன்றைக்குச் சாயங்காலமே ஒரு விருந்து வைத்திருந்தார்கள். சமையல் கொட்டகையில் அடுப்புத் தோண்டியாயிற்று, இறைச்சி வெட்டியாயிற்று, வார்ப்பு மட்டும் வரவில்லை.

"அவங்க வரட்டு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பெருங்கடவிளைக்காரர்கள் ஒரு வண்டியோடு வந்தார்கள். அந்த வீட்டுக் கல்யாணப் பெண்ணின் அண்ணனும் ஒரு வயதான உறவினரும். அவர்களுக்குத் திங்கள் விடியற்காலையில் பாயச வேலை தொடங்க வேண்டும். இன்றைக்கே கொண்டுபோய்த் தேய்த்து வைக்கலாம் என்று வந்திருந்தார்கள். அந்தப் பையன் மலையாளத்தில், "சேச்சீ, அண்ணன் எவிடெ?" என்று சிரித்தபடி கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் சபைக்காரரைப் பார்த்தான். அவரும் அவனைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க என்னத்துக்கு வந்திருக்கிய?"

"வார்ப்பு எடுக்க."

"நானும் அதுக்காக்கும் வந்தேன்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இருக்கிற இரண்டு வார்ப்பையும் இவர் இரண்டு வீட்டுக்கும் தலையாட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலி போட்டேன். யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கொண்டுவந்தேன். சமையல்காரர் மட்டும் குடித்தார்.

வெயில் முற்றத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் திரும்பும். அவர் இல்லை. பெண்ணின் அப்பா கடை வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கெஞ்சினார்.

"மக்கா, எனக்குப் பாத்திரம் கொண்டு தர வேண்டாம். அது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. நான் பெய் எடுத்துக்கிடுயேன்."

அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. நான் இந்தக் கடைக்காரரின் மனைவி. இந்தச் சாமான்களுக்கு நடுவில்தான் சமைக்கிறேன், துணி காயப்போடுகிறேன். ஒரு வார்ப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"பூட்டைப் பொளிங்க" என்றேன்.

சமையல்காரர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். உண்மையாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்தார் போலும். வீட்டுப் பின்புறம் கிடந்த கடப்பாரையை நானே எடுத்துக் கொடுத்தேன். கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்தது.

உள்ளே பகலிலும் இருட்டு. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. கயிறும் தகரமும் தார்ப்பாயும் வழியை அடைத்தன. ஒருவர் நடந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லை. சமையல்காரர் நாற்காலிகளை எடுத்து வெளியே தள்ளிக்கொண்டே போனார். மூலையில் ஒரு தார்ப்பாயை இழுத்தார். அதன் அடியில், வாய் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வார்ப்புகள்.

பூவாரில் இருக்கின்றன என்று என் கணவர் தேடிப்போன அதே இரண்டு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நொடியே பயம் வந்தது. இவை இங்கே இருக்கின்றன என்றால், அவர் பூவாரில் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்?

ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. இரண்டையும் முற்றத்துக்கு உருட்டி வந்தார்கள். ஆளுக்கு ஒன்று என்று நான் சொன்னேன். சமையல்காரர் கொஞ்சம் முனகினார். இரண்டு தடவையாக வைத்தால் ஒப்பேற்றலாம் என்று பிறகு ஒத்துக்கொண்டார். அப்போது பெருங்கடவிளையிலிருந்து வந்த பெரியவர் பாத்திரத்தில் கை வைத்துக் குனிந்தார்.

"மோளே, இதில் ஏதாணு இறச்சி வச்சது?"

நான் இரண்டையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே வாய். 'இதுதான் பாயச வார்ப்பு' என்று ஏதாவது ஒன்றைக் காட்டியிருந்தால் அவர் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். முற்றமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அவங்களுக்குத்தான் தெரியும்."

பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். பையன் எரிச்சலோடு ஏதோ சொல்ல வந்தான். அவனை அடக்கி, கடைக்காரர் வரட்டும் என்றார் பெரியவர். சபைக்காரர் ஒரு வார்ப்பை ஏற்ற முடியாமல் தவித்தார், தான் எடுப்பது எதுவோ என்று. அடுப்பு காத்துக்கிடந்தது. எல்லாரும் மறுபடியும் ரோட்டைப் பார்த்து நின்றோம்.

ஜீப் வந்தபோது பின்புறம் காலியாக இருந்தது. அவர் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் இறுகியிருந்தது. பெயர்ந்த கொண்டியைப் பார்த்தார். வெளியே சிதறிக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு முற்றத்து நடுவில் இருந்த இரண்டு வார்ப்புகளையும் பார்த்தார்.

"இது எங்க இருந்து?"

"உள்ள. தார்ப்பாய்க்கு அடியில."

பெருங்கடவிளைப் பெரியவர் கேள்வியைத் திரும்பக் கேட்டார், இறைச்சி வைத்தது எது என்று. என் கணவர் அருகில் போனார். ஒன்றைத் தொட்டார். மற்றதைத் தொட்டார். திரும்பவும் முதலாவதைத் தொட்டார். அவருடைய விரல்கள் மடங்கி விரிந்ததை நான் பார்த்தேன்.

"தெரியல்ல" என்றார். "எனக்குத் தெரியல்ல."

அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே கிடையாது. சொல்லிவிட்டு வார்ப்பின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெருங்கடவிளைக்காரர்கள் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்கள். பையன் போகிற போக்கில் ஏசினான். பெரியவர் ஏசாமல் போனது அதைவிட மோசமாக இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சின்னச் சின்ன உருளிகளை வாங்கி அங்கே பாயசம் வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து நெடுங்காலம் ஒருவரும் எங்கள் கடைக்கு வரவில்லை. சபைக்காரர் இரண்டு வார்ப்பையும் எடுத்துப் போனார்.

ஆட்கள் போனபிறகு பூவாரில் நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். அந்த வீட்டில் ஆண்பிள்ளை கல்ஃபில். அவருடைய மனைவியும் அவளுடைய தம்பியும்தான் இருந்தார்கள். வார்ப்புகளைப் போன வாரமே அனுப்பிவிட்டோம் என்றார்கள். இல்லை என்றார் இவர். தம்பி சத்தம் போட, அக்கம்பக்கம் கூடியது. அந்தப் பெண் வீட்டுக்குள் போய், தன் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு வந்து மணலில் வைத்தாளாம். சோற்றுப் பானையைக்கூட. "பாத்துக்கிடுங்க. நாங்க கடல்ல போறவங்க, களவெடுக்கிறவங்க இல்ல" என்றாளாம். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த வார்ப்புகள் திரும்பி வந்தது எப்படி என்று பின்னால் அவருக்கே மெல்ல நினைவு வந்தது. ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாமான்கள் வந்து இறங்கியிருந்தன. கூலிக்கு வந்த யாரோ இறக்கினார்கள். இவர் முற்றத்தில் வேறொருவருக்கு நாற்காலி கொடுத்துக்கொண்டிருந்தார். மழை வருகிறதே என்று இவரே தார்ப்பாயை இழுத்து மூடிப் பூட்டியிருக்கிறார்.

சபை வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, நான் தனியாகப் போனேன். திரும்பி வந்தபோது அவர் பெட்டியில் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் திரும்பவும் போறேன். பழைய கம்பெனியில எடுப்பான். இது எனக்கு ஒக்காது."

"அங்க போனா எழுதிப் போட்டு வேல செய்வீங்க. இங்க செய்யாதது என்னத்துக்கு?"

"இங்க ஆளுவள நிக்க வச்சி எண்ணணுமா? எங்கப்பன எண்ணினது போலயா?"

இத்தனை நாளும் இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். அன்றைக்கு மூடவில்லை.

"அந்தக் காரியஸ்தன் எண்ணினது உங்கப்பன நம்பாம. நாம எண்ணுறது நமக்கு மறந்துபோவும்னு தெரிஞ்சிட்டு. நீங்க எண்ணாததுனாலதானே அந்தப் பிள்ள சோத்துப் பானையத் தூக்கிட்டு மணல்ல வந்து நின்னா? அது மட்டும் மரியாதையா?"

அவர் என்னை அடிக்க வருகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடிக்கிறவர் இல்லை. பெட்டியை மூடிவிட்டு வெளியே போனார். மூன்றாம் நாள் பெயிண்ட் டப்பா இரண்டு வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார், சிவப்பும் பச்சையும்.

நான்கு வார்ப்பையும் பாத்திரப் பட்டறையில் கொடுத்து, உரசித் துலக்கிப் புதிதாக வாங்கினோம். அதன்பிறகு இறைச்சிப் பாத்திரங்களின் காதில் சிவப்பு, சைவப் பாத்திரங்களின் காதில் பச்சை. கடைக்கு நடுவில் ஒரு தட்டி அடித்து இரண்டாகப் பிரித்தோம். சுவரில் பெரிய காலண்டர் ஒன்றை மாட்டினேன். வாக்குக் கொடுத்தால் அந்த நிமிடமே அந்தத் தேதியில் எழுத வேண்டும். சபையில் வைத்தோ ரோட்டில் வைத்தோ கேட்டால் கடைக்கு வரச் சொல்ல வேண்டும். இரண்டாவது சாவி என் கையில். சாமான் போகும்போதும் வரும்போதும் எடுக்கிறவரும் நாங்களும் சேர்ந்து உரக்க எண்ணுவோம். உச்சைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கதவு அடைத்திருக்கும்.

இதெல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். "பணம் வந்ததும் பவரு வந்துட்டு" என்று சிலர் பேசினார்கள். அடைத்த கதவைத் தட்டிக்கொண்டே நின்றார்கள். முதல் நாட்களில் இவர் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு வாசலையே பார்ப்பார். நான் எழுந்து போகவிடாமல் குறுக்கே உட்காருவேன். எண்ணும்போது அவர் தலை குனிந்தே இருக்கும். சத்தமாக எண்ணியது நான்தான். கடை சீரான பிறகும் கொஞ்ச காலம் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. தன்னைக் கேட்காமலே ஒரு கல்யாணத்துக்குச் சாமான் போய் வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு, ஏதோ இழந்துபோனவர் மாதிரி இருந்தார். ஆனால் விரல் மடக்குவது நின்றது. முகத்தில் சதை பிடித்தது. பாஸ்போர்ட்டைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.

பூவாருக்குப் போக அவருக்கு மனம் துணிய நெடுநாள் ஆயிற்று. கடைசியில் நாங்கள் இரண்டு பேருமாகப் பஸ்ஸில் போனோம். அந்தப் பெண் எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். தம்பி கடலுக்குப் போயிருந்தான். வாசலில் நின்றோம். வெகுநேரம் கழித்து வந்து, உட்காருங்கள் என்றாள்.

"தப்பு எனக்கது" என்றார் இவர். "சாமானெல்லாம் எனக்க கடையிலயே கெடந்துது. ஊருக்கு முன்ன உங்கள அப்படிக் கேட்டுட்டேன். ஊருக்கு முன்னயே சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன்."

அவள் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டாள். உண்மையாகவே கூப்பிட்டாள். நாலைந்து பேர் வந்து நின்றார்கள். இவர் எழுந்து நின்று அதையே மறுபடியும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய்ப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்தாள்.

"இனி எங்க வீட்டு விசேசத்துக்கு உங்க கிட்ட எடுக்க மாட்டோம், கேட்டியளா. எனக்கு மனசு வராது" என்றாள். "ஆனா வந்தது நல்லதாச்சு. எனக்க தம்பி கிட்ட நான் சொல்லுயேன்."

சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தோம். பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, அவள் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று நான் ஆற்றாமையோடு பேசினேன். அவர் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னதுதான் சரி" என்றார். "நானா இருந்தா சாயா தந்திருக்க மாட்டேன்."

பஸ் வந்தது. ஏறினோம்.